தொண்ணூற்றேழு போதுமா, போதாதா?

அனுப்புநர்
வக்கீல் அங்கி தைக்கும் தையற்காரர்
(‘ஊசி’ என்று கேட்டால் காட்டுவார்கள்),
நீதிமன்றப் பின்வாசல் கடை வரிசை,
ஜெராக்ஸ் கடைக்கு அடுத்தது.

பெறுநர்
சேர்க்கை அலுவலர் அவர்கள்,
அரசு சட்டக் கல்லூரி.

பொருள்: நுழைவுத் தேர்வு – சென்ற ஆண்டு கட்-ஆஃப் மதிப்பெண்ணை அறிவிப்புப் பலகையில் ஒட்டாதது – அதனால் என் மனைவி வேலையில் சேர்வதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். புகாருக்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தேர்வு முடிவு வந்த அன்று, மனைவி அங்கி கொடுக்கப் போயிருந்த நேரத்தில், அவள் 412 மதிப்பெண் எடுத்துவிட்டதாகக் கடை வரிசை முழுக்கச் சொல்லி மிட்டாய் கொடுத்தவன் நான். தேர்வே நூற்றைம்பதுக்குத்தானே, அது எப்படி என்று பூட்டு ரிப்பேர்க்காரர் கேட்டார். அவள் அப்படித்தான் என்றேன். அவள் திரும்பி வந்து மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, 412 என்பது ரேங்க், மதிப்பெண் 97 என்றாள். மிட்டாயைத் திரும்பக் கேட்க முடியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தாங்கள் மன்னிக்க வேண்டும்.

1. 97 நல்ல மதிப்பெண்தானா என்று முதலில் நானே விசாரித்தேன். அங்கிக்கு அளவு கொடுக்க வரும் இளம் வக்கீல்களின் மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டபடியே, நுழைவுத் தேர்வில் எவ்வளவு என்று கேட்டேன். 120க்குக் குறைத்து ஒருவரும் சொல்லவில்லை. ஐயா, டேப்பைப் போட்டதும் எல்லாரும் மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்துவார்கள். அதில் கொஞ்சம் கழித்துத்தான் துணியை வெட்டுவோம். அதே கணக்கில் மதிப்பெண்ணிலும் கழித்தேன். ஒருவர் அதிகமாக நிமிர்ந்ததால் அதிகமாகக் கழித்ததில், அவர் தேர்வில் தோற்றே போனார். அவர் இப்போது உள்ளே வாதாடிக்கொண்டிருக்கிறார். ஆகவே என் முறை உதவாது என்று தெரிந்துகொண்டு தங்களிடம் வருகிறேன்.

2. என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பட்டம் வாங்கியவள். கடையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பொத்தான் துளை போடுவாள். எதிர்ச் சுவரில் பாடத்தை ஒட்டிவைத்திருப்பாள். நான் “ஜட்ஜம்மா, நூல் தீர்ந்துபோச்சு” என்று கிண்டல் செய்வதுதான் வழக்கம். ஒருநாள் அவள் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள்: தைக்கக் கொடுத்த துணி, கடைக்குள் தண்ணீர் புகுந்து பாழானால் நஷ்டம் யாருக்கு? தையற்காரனுக்குத்தான் என்றேன், அனுபவம் பேசியது. இல்லை என்று காரணம் அடுக்கி என்னை விடுதலை செய்தாள். நான் பெருமூச்சு விடுவதற்குள், இப்போது துணிக்காரர் பக்கம் என்று மறுபடி ஆரம்பித்து என்னை மாட்டிவிட்டாள். இரண்டு பக்கமும் அவளே பேசி, இரண்டு பக்கமும் அவளே ஜெயித்தாள். கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன் ஐயா. இத்தனை காலம் யார் யாருக்கோ அங்கி தைத்திருக்கிறேன். அதற்குள் இருக்க வேண்டியது என்னவென்று அன்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்து ஜட்ஜம்மா என்று கூப்பிட்டால் எனக்கே கிண்டலாகத் தோன்றுவதில்லை.

3. சென்ற வாரம் இருவரும் தங்கள் அலுவலகம் வந்தோம். ‘போட்டிக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் மட்டும் கலந்தாய்வுக்கு அழைக்கப்படுவர்’ என்று பலகையில் ஒட்டியிருந்தது. எத்தனை எடுத்தால் போட்டிக்குரியது என்று மனைவி கேட்டாள். “கூப்பிட்டா போட்டிக்குரியதுன்னு அர்த்தம்மா” என்றார் ஜன்னலில் இருந்தவர். கூப்பிடாவிட்டால் என்று நான் கேட்டேன். இல்லை என்று அர்த்தமாம். சென்ற ஆண்டு கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணைக் கேட்டோம். அதை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை என்றார். மரியாதையாகத்தான் பேசினார், உட்காரக்கூடச் சொன்னார். நாற்காலிதான் இல்லை.

4. இதில் சங்கடம் என்னவென்றால், மருத்துவமனைப் பதிவறையில் அவளுக்கு நிரந்தர வேலை வந்திருக்கிறது. இந்த வயதில் இனி இப்படி ஒன்று வராது. திங்கட்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களை அங்கே ஒப்படைத்துச் சேர வேண்டும்; கொடுத்தால் ஓராண்டுக்குத் திருப்பித் தரமாட்டார்களாம். தங்கள் கலந்தாய்வோ அதற்கு அடுத்த வாரம். அதற்கும் அசல்தான் கேட்கிறீர்கள். அங்கி என்றால் இன்னொன்று தைத்துவிடுவேன், சான்றிதழை என்ன செய்வது? நேற்று இரண்டு துளை தப்பாகப் போட்டுவிட்டு அவள் சொன்னாள்: “போதும்னு சொன்னா வேலைய விட்டுடுவேன். போதாதுன்னு சொன்னாலும் தாங்கிப்பேன். ஒண்ணுமே சொல்லாம இருக்காங்களே, அதத்தாங்க என்ன பண்றதுன்னு தெரியல.” அவள் துளை தப்பாகப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆகவே ஐயா, சென்ற ஆண்டின் கடைசி மதிப்பெண்ணைத் திங்கட்கிழமைக்கு முன் பலகையில் ஒட்டச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அதை அவளே வாங்கிக்கொள்வாள். என் மனைவி மட்டுமல்ல, அன்று பலகை முன்னால் நின்ற எல்லாரும் இதையேதான் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இடம்: கடை
நாள்: புதன்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஊசி

இணைப்பு:
1. மதிப்பெண் அட்டை நகல்
2. வேலை உத்தரவு நகல்
3. என் சட்டையின் இடது கை கஃப், பொத்தானுடன்

குறிப்பு: கடையில் ஸ்டேப்ளர் இல்லாததால் தாள்களை மெஷினில் ஓட்டிச் சேர்த்தேன். அந்த நேரம் மனைவி இந்த மனுவின் வரைவைச் சத்தமாக வாசித்துத் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது இணைப்பு அப்படிச் சேர்ந்தது. தையலைப் பிரித்தால் அட்டை நகல் கிழியும் என்பதால் சட்டையை வெட்டியிருக்கிறேன்.