ஒற்றைக்கண் பூதங்களைக் கடைசியில் சேர்த்து வையுங்கள்

அத்தை,

சமையலறைக் குழாயைப் பார்க்க பிளம்பர் வருவார். சாப்பாட்டை மேஜைமேல் மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடுங்கள். கதவருகே உங்கள் பெட்டியைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

டேப்லெட்டில் இன்றைய பூத விளையாட்டை நான் தொடவில்லை. நாளுக்கு ஒன்றுதான் வரும், நீங்களே போடுங்கள். ஒரே மாதிரி பூதங்கள் இரண்டையும் கோடு இழுத்துச் சேர்க்க வேண்டும், கோட்டைக் கோடு வெட்டக் கூடாது. இது உங்களுக்குத் தெரியும். ஒரு கட்டமும் காலியாக நிற்கக் கூடாது, அதைத்தான் நேற்று கோட்டை விட்டீர்கள். "தெரியாததுல ஏன் கை வைக்கிறீங்க?" என்று நான் கேட்டது தப்புதான். அதற்காக "என் மக வீட்டுக்கே போறேன்" என்று யாராவது பெட்டி கட்டுவார்களா?

ஒற்றைக்கண் பூதங்கள் இரண்டும் பக்கத்திலேயே இருக்கின்றன. (எட்டித்தான் பார்த்தேன்.) உடனே சேர்த்துவிடாதீர்கள். அவை ஊரெல்லாம் சுற்றித்தான் சேர வேண்டும்.

பி.கு. சந்தேகம் வந்தால் உங்கள் பிள்ளையைக் கேட்காதீர்கள். அவருக்குப் பூதமும் தெரியாது, குழாயும் தெரியாது.

இன்னொன்று. பிளம்பர் வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

பாதிப் படி இறங்கியவள் திரும்பி வந்து எழுதுகிறேன். உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு போகிறேன். அவசரத்தில் மாறிப்போகவில்லை, தெரிந்தேதான். என் செருப்பில் உங்கள் கால் நுழையாது. சாயங்காலம் நான் வருவதற்குள் எப்படிப் போகிறீர்கள், பார்க்கிறேன்.