சொட்டில் என்ற ஊர்

அன்புள்ள அக்கா,

என் பாப்பா இப்போதுதான் தூங்கினாள். அவள் விழிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அரங்கேறும் என் இசை நாடகத்தில் ஒரு தாலாட்டு வருகிறது. அது நீ எழுதியது. சிறுவயதில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு நீ வரி சொல்வாய், நான் மெட்டுப் போடுவேன். தொட்டிலுக்கு எதுகை கிடைக்காமல், "தொட்டிலுக்கு வராத தூக்கம் சொட்டிலுக்குப் போச்சு" என்று இல்லாத ஊரையே உண்டாக்கினாயே, அந்தப் பாட்டுதான்.

பள்ளி விழா, கல்லூரி மேடை என்று எங்கெங்கோ மெட்டுப் போட்டு இந்த நாடகக் குழுவுக்கு வந்தேன். ஒத்திகையில் இயக்குநர் கேட்டார்.

"சொட்டிலா? எந்த ஊரும்மா அது?"

"சும்மா எதுகைக்கு சார்."

"பிரமாதம்! யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

வாய் முந்திக்கொண்டது. சுவரொட்டியிலும் பாட்டு, இசை என்று என் பெயர் மட்டும்தான்.

மனசு கேட்காமல் இன்று உண்மையைச் சொல்லிவிட்டேன். "வியாழக்கிழமைக்குள்ள அக்காகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லன்னா பாட்டத் தூக்கிடுவேன்" என்றார். நாடகத்தில் ஊர் பேசும்படி இருப்பது அந்த ஒரு பாட்டுதான்.

ஒப்புதல் தாளை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு வருஷமாகப் பேசாதவள் கையெழுத்துக்காக எழுதுகிறாள் என்றுதான் நினைப்பாய். நினைத்துக்கொள். கிழிப்பதென்றால் மட்டும் தபாலில் அனுப்பாதே அக்கா, நேரில் வந்து என் முகத்தில் எறி.

உன் தங்கை