முசிறி மணியும் கொழும்புத் தீர்ப்பும்

டயகம
இலங்கை
12.9.1954

சென்னையில் சட்டம் படிக்கும் மகன் சின்னராசாவுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. மழையில் கூரை ஒழுகுவதைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருக்க மாரியம்மன் துணை. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, வாய்க்குத்தான் என்றைக்கும் வலி வந்ததில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் புரிந்துவிட்டது, அம்மாவுக்கு விளக்கப் போனதில் மறுபடி புரியாமல் போயிற்று. இந்தியாவில் மனிதனுடைய உரிமைகளைப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பதும், மீறினால் சர்க்காரையே கோர்ட்டுக்கு இழுக்கலாம் என்பதும், இங்கிலாந்தில் அப்படி ஒரு புத்தகமே இல்லாமல், காரணமின்றி ஒருவனை அடைத்தால் நீதிபதி ஆளைக் கொண்டுவரச் சொல்வார் என்பதும், அமெரிக்காவில் கறுப்புப் பிள்ளைகளைத் தனிப் பள்ளிக்கூடத்தில் வைப்பது தப்பென்று இந்த வருஷம் தீர்ப்பானதும் எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் பெரிய ஆச்சரியம். இலங்கையில் நமக்கு ஓட்டும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை, இந்தியாவுக்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். பதில் தாமதித்ததற்குக் காரணம் உண்டு.

நம் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியானது உனக்குத் தெரியும், ஏன் என்பதை வெட்கப்பட்டு மறைத்தேன். விசாரணைக்கு வந்த அதிகாரி நான் வாங்கிக் கொடுத்த கோயில் மணியில் 'முசிறி செல்லசாமி உபயம்' என்று வெட்டியிருந்ததைப் பார்த்துவிட்டார். நம் ஆட்கள் எல்லாரும் பாட்டன் ஊரைப் பெயருக்கு முன்னால் போடுவதுதானே. முசிறிதான் உங்க ஊரா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். ஆமாங்க, எங்க ஊருதாங்க, காவிரிக் கரை, ஒவ்வொரு தேங்காயும் இம்மாம் பெருசுங்க என்று கையை விரித்துக் காட்டினேன். இந்த டயகம தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, முசிறியைப் படத்தில்கூடப் பார்க்காத நான்! இந்தியாவில் குடியேறும் எண்ணமுள்ளவர் என்று எழுதிவிட்டார்கள். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா, தேங்காய வித்துட்டு வந்த மாதிரியில்ல பேசுனீங்க என்று அம்மா இரண்டு வருஷமாகக் கேட்கிறாள்.

வக்கீல் பத்திநாதன் கொழும்பு சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் போட்டார். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் இருநூறு பேரை அதட்டும் கணக்கப்பிள்ளையான நான், நீதிபதி இருமினாலே எழுந்து நின்றேன். அவர் கட்டுக் காகிதம் அத்தனையையும் படித்துவிட்டு, இந்த மனிதர் முசிறிக்குப் போயிருக்கிறாரா என்று யாராவது கேட்டீர்களா என்று இங்கிலீஷில் கேட்டாராம், பத்திநாதன் பிறகு சொன்னார். சர்க்கார் வக்கீல் காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மனுவைத் தள்ளியது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. யாரோ ஒரு தோட்டத்தானுக்காக அவ்வளவு பெரிய மனிதர் அதைக் கேட்டாரே! நம்மை வெளியே தள்ளின சட்டமும் இந்த நாட்டுச் சட்டம்தான், அந்தக் கேள்வியும் இந்த நாட்டுச் சட்டம்தான். பக்கத்து லயத்து வரிசைவீட்டுச் சோலைமலைக்கு இன்னும் முடிவாகவில்லை, அவருக்கும் பத்திநாதன் அப்பீல் எழுதுகிறார்.

போன திங்கட்கிழமை பதிவுப் பத்திரம் வந்தது. மனுப் போட்டபோது நீ மைனர் என்பதால் உன் பெயரும் அதில் இருக்கிறது. அம்மா அதை விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுத்துத் தெரியாதவள், உன் பெயர் எந்த இடம் என்று நாலு தரம் தொட்டுக் காட்டச் சொன்னாள். அங்கேயே வக்கீலாக இருப்பதானாலும் நான் தடுக்க மாட்டேன், உரிமைகளை எழுதி வைத்த அந்தப் புத்தகம் நல்ல புத்தகம். யோசித்து நீயே முடிவு செய்.

மழையில் நனையாதே, வேளைக்குச் சாப்பிடு. நீண்ட ஆயுளும் நேர்மையான நாக்கும் உனக்கு வாய்க்கட்டும். இத்துடன் வரும் பதிவுப் பத்திர நகலைப் பத்திரமாக வை. பரீட்சை முடிந்து வருவாயானால், தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கும்போது அதிகாரி எங்கே போகிறாய் என்று கேட்பார். வீட்டுக்கு என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
க. செல்லசாமி