கூழ்க் குழிக்கு ஒரு மீட்டர்

செப்டம்பர் 9, திங்கள்

பெட்டி ஒருவழியாக வந்தது. கேட்டது பன்னிரண்டு கேஸ் மீட்டர். உள்ளே இருந்தது மூன்று.

மேனேஜர் சந்திரமோகன் சார் சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "மொதல்ல மூணு போதும் திலகவதி. நல்லா இருந்தா மீதிய பாத்துக்கலாம். யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணுங்க, ஸ்டோர் உங்க கையிலதானே இருக்கு." நல்ல பேர் வந்தால் அவருக்கு, ஏச்சு வந்தால் எனக்கு. ஸ்டோர் பார்க்க வந்தவள் தலையில் சேப்டி வேலையையும் கட்டிவிட்ட நாளிலிருந்து இதே கதைதான்.

பழைய பட்டன் போன் அளவுதான் இருக்கிறது. சட்டையில் மாட்ட ஒரு கிளிப். விஷவாயு பட்டால் காது கிழியக் கத்துமாம்.

செப்டம்பர் 11, புதன்

காலையிலிருந்து பேஜாரு.

யூனியன் தலைவர் துளசிராமன் டீ கூட குடிக்காமல் வந்து நின்றார். "மிஷின் ஃப்ளோருக்கு ஒண்ணு. பர்மனென்ட் ஆளுங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுப்பீங்க?" மிஷின் ஃப்ளோரில் ஆள் உயர ஃபேன் ஓடுகிறது. அங்கே எந்த வாயு நிற்கும்? கேட்டால் வம்பு. கேட்கவில்லை.

மேனேஜருக்கு இரண்டு வேண்டுமாம். ஒன்று அவர் சட்டைக்கு. இன்னொன்று சரக்கு வாங்குகிற கம்பெனிக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்தால் மாட்டிவிட.

ஆக மூன்றும் முடிந்தது. கூழ்க் குழி?

நாங்கள் பழைய பேப்பரை ஊறப்போட்டு அரைத்து அட்டை செய்கிறவர்கள். அரைத்ததில் கழிவது எல்லாம் பின்பக்கக் குழியில் போய்ச் சேர்ந்து அழுகும். அதில் இறங்கி வாருவது காண்ட்ராக்ட் ஆட்கள், பாக்கியராஜும் அவன் தம்பி பென்னியும். இந்த மில்லில் மீட்டருக்கு வேலை இருக்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே கொடுக்க வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை. எல்லாரும் படித்தவர்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

சண்டை போட்டேன். வேறென்ன.

"கெஸ்ட்டு மாசத்துக்கு ஒருவாட்டி வர்றாரு சார். பாக்கியராஜ் வாரத்துக்கு ரெண்டு வாட்டி எறங்கறான்" என்றேன். மேனேஜர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, ஒண்ணு குடுங்க. ஆனா போட்டு உடைச்சானுங்கன்னா மீதி ஒன்பதுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். அதுக்கு நீங்க பொறுப்பு."

பொறுப்பு. சரி.

துளசிராமன் வராந்தாவில் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "புதுசு மொதல்ல காலனிக்குப் போகுதாம்பா." அவரும் நானும் ஒரே ஊர். இரண்டு வீட்டுக்கும் வாய்க்கால் பக்கத்தில் நெல் வயல் இருக்கிறது. அந்த உரிமையில் பேசுகிறார்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஷூ, கையுறை, மழைக்கோட்டு எது வந்தாலும் முதலில் பர்மனென்ட் ஆட்கள். அவர்கள் ஒரு வருஷம் போட்டுக் கழித்ததுதான் காண்ட்ராக்டுக்குப் போகும். நானேதான் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பாக்கியராஜின் இடது ஷூவில் இன்னும் 'துளசி' என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

மீட்டர் கம்பெனிக்காரர் வந்து ஏசி ரூமில் பாடம் எடுத்தார். முக்கால்வாசி இங்கிலீஷ். மேனேஜர், துளசிராமன், நான். குழி ஆட்களைக் கூப்பிடலாமா என்றேன். "அவங்களுக்கு நீங்க சொல்லிக்குங்க" என்றார் மேனேஜர்.

மதியம் பாக்கியராஜை ஸ்டோருக்கு வரச் சொல்லி நானே காட்டினேன். எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது, ஷிப்ட் முடிந்ததும் என்னிடம் கொடுத்தால் சார்ஜில் போடுவேன், கத்தினால் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு மேலே வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

"மேடம், இது யாரு வெச்சிருந்தது?"

"யாரும் வெச்சிருக்கல. புதுசு."

கையைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினான்.

"கண்ணு மாதிரி பாத்துக்கப்பா. இது கெட்டுப்போச்சுன்னா அடுத்தது வராது" என்றேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

கத்திவிட்டது! குழியில் பாதி இறங்கும்போதே கத்தியிருக்கிறது. ஸ்டோர் வரைக்கும் கேட்டது. பாக்கியராஜ் மேலே ஏறி வந்து மூச்சு வாங்க நின்றான். பயமும் சிரிப்பும் ஒன்றாக. "ஊட்ல குழந்த கத்தற மாரி கத்துது மேடம்." ஒரு மணி நேரம் ப்ளோயரால் காற்று அடித்து, மீட்டர் கத்துவது நின்ற பிறகு இறங்கினார்கள்.

துளசிராமன் மிஷின் ஃப்ளோரில் நின்றிருந்தார். சும்மா அந்தப் பக்கமாக ஒருதரம் நடந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

ஒன்றுமில்லை. கால் வலி.

அக்டோபர் 17, வியாழன்

மூன்று நாளாக மழை. குழி தளும்புகிறது. சாயங்காலம் பாக்கியராஜ் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தபோது அது மீட்டர் மாதிரியே இல்லை. கூழ் அப்பி, கிளிப் எது பட்டன் எது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்தா துளசிராமன் ஸ்டோரில் நிற்க வேண்டும்?

"இதுக்குத்தான் அவனுங்களுக்குக் குடுக்காதீங்கன்னு சொன்னேன். என்னுது பாருங்க, வந்த மாரியே கீது." அவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். புது மாதிரி இல்லாமல் வேறெப்படி இருக்கும்?

அந்தக் கோபத்தை அவரிடம் காட்ட முடியவில்லை. பாக்கியராஜிடம் காட்டினேன். "இன்னாப்பா இது, எருமைய குளிப்பாட்ட எடுத்துக்கினு போனியா? நான் எவ்ளோ சண்ட போட்டு வாங்கினேன் தெரியுமா? நாளைக்கு மேனேஜர் பாத்தார்னா எனக்கு இன்னா மரியாத?"

அவன் சட்டையின் உள்பக்கத்தால் துடைக்கப் பார்த்தான். "விடு, நான் துடைச்சிக்கறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

மீட்டர் பளபளவென்று திரும்பி வருகிறது. இன்றும் இறங்கியிருக்கிறான், ஒரு பொட்டு கூழ் இல்லை. "இப்ப எப்டி?" என்று கேட்டான். "இப்டி இருந்தா யாரு இன்னா சொல்லப்போறாங்க" என்றேன். அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மேனேஜரிடம் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். துளசிராமனும் பார்க்கட்டும் என்றுதான். கத்தியதா என்று மேனேஜர் கேட்டார். இந்த வாரம் கத்தவில்லை சார் என்றேன். ரொம்ப நல்லது என்றார். மீதி ஒன்பதுக்கு அடுத்த மாதம் எழுதச் சொல்லியிருக்கிறார்.

நவம்பர் 6, புதன்

பாக்கியராஜ் போய்விட்டார்.

நவம்பர் 7, வியாழன்

எழுத வரவில்லை. எழுதாமல் இருந்தாலும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

பதினோரு மணி இருக்கும். பென்னியின் சத்தம். ஓடினேன். இடுப்புக் கயிற்றைப் பிடித்து நாலு பேர் மேலே இழுத்துவிட்டார்கள். தரையில் போட்டிருந்தார்கள். முகத்தைத் துடைத்து, நெஞ்சை அழுத்தி, என்னென்னவோ. மீட்டர் எங்கடா, ஏன் கத்தலன்னு நான்தான் கத்தினேன். பென்னி தன் அண்ணன் சட்டைப் பையில் கையை விட்டான். ரொட்டி பாக்கெட் கவர். அதற்குள் மீட்டர். வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, சுத்தமா, ஒரு சொட்டு தண்ணி போகாத மாதிரி.

அவன் பல்லால் கவரைக் கிழித்தான். குழி ஓரத்திலேயே கத்த ஆரம்பித்துவிட்டது அது. அவ்வளவு சத்தம். யாருக்கும் அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். கை வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி கவரைப்பேட்டை தாண்டும்போது உயிர் போய்விட்டதாம்.

அந்த மீட்டர் கம்பெனிக்காரர் ஏசி ரூமில் சொன்னார். முன்பக்கம் இருக்கிற ஓட்டை வழியாகத்தான் காற்று உள்ளே போகும், அதை மூடக் கூடாது என்று. என் காதில் விழுந்தது. இதையெல்லாமா ஒரு ஆளுக்குச் சொல்வார்கள் என்று நினைத்தேனா? நினைக்கக்கூட இல்லை. மறந்தும் போகவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே படல. நான் சொன்னது ஒண்ணுதான், பத்திரமா வெச்சிக்கோ, பத்திரமா வெச்சிக்கோ. அவர் வெச்சிக்கினார்.

நவம்பர் 9, சனி

காலனிக்குப் போனேன். சர்ச்சிலிருந்து வந்து ஜெபம் முடித்துப் போயிருந்தார்கள். வாசலில் இன்னும் நாற்காலிகள். பாக்கியராஜின் மனைவி செண்பகம் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

"உங்களப் பத்தி சொல்லுவாரு. பர்மனென்ட்டு ஆளுங்கள உட்டுட்டு எனக்குக் குடுத்தாங்கன்னு. கலீஜா ஆயிடுச்சி, மேடம் பாவம் பேச்சு வாங்கிக்கினாங்கன்னு சொல்லிட்டு ஊடு பூரா கவர் தேடினாரு. ரொட்டிக் கவர நான்தான் கழுவி, காயவெச்சிக் குடுத்தேன்."

அந்தக் கவரால்தான் மீட்டர் கத்தவில்லை என்று பென்னி அவளிடம் இன்னும் சொல்லவில்லை போல. கதவோரம் நின்று என்னையே பார்த்தான். தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். திருவள்ளூரில் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் விசாரணை இருக்கிறதாம். குழி ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது ஸ்டோர் என்பதால் முதலில் என்னைத்தான் கேட்பார்களாம்.

"ஓட்டைய மூடக் கூடாதுன்னு சொன்னேன், அவர் கேக்கலன்னு சொல்லிடுங்க. அன்னிக்கு ஸ்டோர்ல நீங்க ரெண்டு பேருதான் இருந்தீங்க. உங்களுக்கும் பிரச்சினை இல்ல, மில்லுக்கும் இல்ல."

"அவங்க ஊட்டுக்கு?"

"அவரு தப்புன்னு ஆனா, கம்பெனி எப்படிம்மா அந்தம்மாவுக்கு வேலை போட்டுத் தரும்?" ஏதோ மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார். "அது வேற விஷயம். நீங்க உங்கள பாருங்க."

நவம்பர் 13, புதன்

துளசிராமன் வீட்டுக்கே வந்தார். என் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து காபி குடித்தார். "தங்கச்சி, செத்தவன் திரும்பி வரப்போறானா? நீ மாட்டிக்காத." அக்கறைதான். அதில் சந்தேகம் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் போனபின் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். நான் சோறு போட்டேன். பொய் சொன்னால் என் வேலை நிலைக்கும். பாக்கியராஜ் சொல்பேச்சு கேட்காத ஆள் என்று ஆகிவிடும். அந்த மில்லில் நான் சொன்னதை அப்படியே கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

நவம்பர் 28, வியாழன்

திருவள்ளூர். வெளியே பெஞ்சில் செண்பகமும் பென்னியும். நான் தனியாக உட்கார்ந்தேன்.

"பயிற்சி கொடுத்தீர்களா?"

"எனக்குக் கொடுத்தாங்க. ஓட்டைய மூடக் கூடாதுன்னு எங்கிட்ட சொன்னாங்க. நான் அவருக்குச் சொல்லல."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். கூழ் அப்பியிருந்ததற்கு அவரைத் திட்டியதையும் சொன்னேன். கவர் போட்டிருந்தது என்று அவர்கள் சத்தமாகப் படித்தபோது கதவு திறந்திருந்தது. செண்பகம் காதில் விழுந்திருக்கும்.

திரும்பும்போது பெரியபாளையம் பஸ்ஸில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெங்கல் தாண்டித்தான் வாயைத் திறந்தாள்.

"அந்தக் கவர் நான் குடுத்தது."

"நான் சொல்லியிருக்கணும் செண்பகம்."

"ஆமா. சொல்லியிருக்கணும்." திட்டவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னாள். பிறகு, "மத்தவங்களுக்குப் போயிருந்தா இவருக்கு மிஷினே இல்ல. அப்பவும் எறங்கியிருப்பாரு. அதையும் நெனச்சிப் பாத்தேன். எதுலயும் மனசு நிக்கல" என்றாள்.

இறங்கும்போது என் கையைப் பிடித்து இறங்கினாள். படி உயரம், அதனால் இருக்கலாம்.

டிசம்பர் 19, வியாழன்

மேனேஜர் என்னோடு நேராகப் பேசுவதில்லை. பியூனிடம் சொல்லி அனுப்புகிறார். எனக்கு மெமோ வந்திருக்கிறது, இன்கிரிமென்ட் இல்லை. பாக்கியராஜ் மேல் தப்பு இல்லை என்று திருவள்ளூரிலிருந்து எழுதிவிட்டார்களாம். குழியில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் மீட்டர் கொடுக்கணும் என்றும் எழுதியிருக்கிறார்கள். துளசிராமன் எதிரே வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

ஜனவரி 20, திங்கள்

செண்பகம் இன்று வேலைக்குச் சேர்ந்தாள். வேறு எங்கேயும் இடம் இல்லையாம், ஸ்டோருக்கு ஹெல்பராகப் போட்டிருக்கிறார்கள். என்னிடம். இதை யோசித்துச் செய்தார்களா, யோசிக்காமல் செய்தார்களா தெரியவில்லை. காலையில் நேருக்கு நேர் நின்றோம். துடைப்பம் எங்கே இருக்கிறது என்று கேட்டாள், காட்டினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

மீட்டர் வந்தது. ஒன்பது கேட்டதற்கு ஆறு.

நான் போனில் இருந்தேன். திரும்பிப் பார்த்தால் செண்பகம் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு மீட்டரும் ஒரு கவரில் இருந்தது. கண்ணாடி மேல் மெல்லிய தாள் ஒட்டியிருந்தது. கவரைக் கிழித்தாள், தாளை நகத்தால் உரித்தாள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக என் மேசையில் வைத்தாள். நான் அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"யாருக்கு மேடம் மொதல்ல?"

"குழிக்கு."

தலையாட்டினாள். கிழித்த கவர்களை எல்லாம் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டு, கூடையையும் வெளியே எடுத்துக்கொண்டு போனாள்.