கம்ப்யூட்டரின் சூடும் என் வெட்கமும்

ஜூன் 3, செவ்வாய்

வீட்டுக் கணக்கை முடித்துவிட்டு இதைத் திறக்கிறேன். கணக்கு சரியாக வந்தது. வேறு எதுவும் சரியில்லை.

மகளின் கம்ப்யூட்டர் இன்றும் பாதியில் அணைந்தது. அவள் செய்வது சின்னப் படம்தான். காணாமல் போன ஒரு குடை தன் சொந்தக்காரியைத் தேடித் தெருத்தெருவாக அலைகிற கதை. மாதக்கணக்கில் வரைந்தாள். வரைந்ததையெல்லாம் ஓடுகிற படமாகக் கோப்பதற்குக் கம்ப்யூட்டர் ஒரு முழு நாள் இடைவிடாமல் உழைக்க வேண்டுமாம். அதுவோ அரை மணி நேரத்தில் கொதித்துப்போய்த் தானாகவே கண்ணை மூடிவிடுகிறது. பதினைந்தாம் தேதிக்குள் அனுப்பினால் கார்ட்டூன் கம்பெனிக்காரர்கள் பார்த்து வேலைக்குக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் —

"இல்லாட்டி அதுக்கு மேல பேச்சே கிடையாது. எங்க ஆபீஸ்ல சொல்லி வெச்சிருக்கிற வேலையில சேர்ந்துடணும்" என்றார் அவர்.

மகள் சரி என்று தலையாட்டினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூன் 4, புதன்

ரிப்பேர் கடையில் விட்டால் திரும்பி வர இரண்டு வாரம் ஆகுமாம். அதற்கப்புறம் அதை வைத்து அழகு பார்ப்பதா?

மிக்ஸியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். தையல் மெஷினைக் குடலோடு வெளியே எடுத்துத் திரும்ப ஓட வைத்திருக்கிறேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கம்ப்யூட்டர் மட்டும் வானத்திலிருந்து குதித்ததா என்ன?

ஜூன் 5, வியாழன்

காலைப் பிரார்த்தனையில் உத்தரவு கேட்டேன். "வேண்டாம்" என்று எதுவும் கேட்கவில்லை. பக்கவாட்டு மூடியைத் திறந்துவிட்டேன்.

உள்ளே தூசி. தூசி என்றால் ஒரு தலையணைக்குப் பஞ்சு அடைக்கலாம். பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். முன்பக்க விசிறியைக் கழற்றி, துடைத்து, மாட்டினேன். பிறகு மத்தியானம் முழுக்க வீடியோ பார்த்தேன். நடுவில் இருக்கிற சிப்தான் கம்ப்யூட்டரின் மூளை. அதன் தலைமேல் உட்கார்ந்து சூட்டை இழுத்து வெளியே விடுகிற தகட்டுக் கூண்டுக்குக் கூலர் என்று பேர். நம் கூலரில் விசிறி முக்கி முனகிக்கொண்டு சுற்றுகிறது. ஆயுசு முடிந்துவிட்டது. புதிது போட வேண்டும்.

அண்ணி — அவருடைய அக்கா — ஃபோனில் விஷயம் கேட்டுவிட்டு, "கரண்டி பிடிக்கிற கைக்கு ஸ்க்ரூடிரைவர் எதுக்குடி? உள்ளதும் போச்சுன்னு நிக்கப்போற" என்றார்.

"ஆகட்டும் அண்ணி" என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 7, சனி

ஐயோ. என்ன செஞ்சுட்டேன் நான்.

கடையில் காட்டி அதே அளவில் வாங்கலாம் என்று, பழைய கூலரின் திருகுகளை எடுத்துவிட்டு மேலே தூக்கினேன். வரவில்லை. ஜாடியின் மூடி வராவிட்டால் என்ன செய்வோம்? பலமாக இழுப்போம். இழுத்தேன். வந்தது. கூடவே சிப்பும் வந்துவிட்டது! சூட்டைக் கடத்துவதற்காக நடுவில் தடவியிருந்த பசை காய்ந்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருக்கிறது. சிப்பின் அடியில் தலைமயிர் மாதிரி நூற்றுக்கணக்கில் கம்பிகள். ஒரு மூலையில் சில கம்பிகள் காற்றடித்த புல் மாதிரி சாய்ந்து கிடக்கின்றன.

கொஞ்சம் சூடு பண்ணிவிட்டு, மெல்லத் திருகித்தான் எடுக்க வேண்டுமாம். வீடியோவில் சொல்லியிருக்கிறான். நான்தான் அந்த இடத்தில் அடுப்பை அணைக்க எழுந்து போனேன்.

மகளிடம் சொல்லவில்லை. இது இல்லாவிட்டால் படமே இல்லை. எப்படிச் சொல்வேன்? வாய் வரல. கடவுளே, என் அவசரத்துக்கு அவளைத் தண்டிச்சுடாதே.

ஜூன் 8, ஞாயிறு

நிமிர்த்திவிட்டேன்!

அவரும் மகளும் வெளியே போயிருந்தார்கள். ஜன்னல் ஓரம் நல்ல வெளிச்சம். தையல் ஊசி, பூதக்கண்ணாடி, நான். மூச்சுவிட்டால்கூட அசையும் கம்பிகள். சட்டைக்குக் கைத்தையல் போடும்போது நூலை நூலோடு சேர்ப்போமே, அந்தப் பொறுமைதான். ஒன்றை நிமிர்த்துவது, அடுத்ததற்குப் போவது. ஜெப நேரம் தாண்டிப் போனது தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு தடவை அவனைக் கூப்பிட்டேன். அது கணக்கில் சேராதா?

சிப்பை அதன் குழியில் வைத்தேன். அழுத்தவில்லை. தானாக உட்கார்ந்தது. பழைய கூலரையே திரும்ப வைத்து ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்தேன். திரை வந்தது! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சாயங்காலம் போய்ப் புதுக் கூலர் வாங்கி வந்தேன். இரவுச் சாப்பாட்டின்போது இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் சிப் கதையைக் கேட்டு வெளுத்துப்போனாள். அப்புறம் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். கர்வம் கூடாது என்று தினமும் வேண்டுகிறவள்தான் நான். இன்றைக்கு ஒரு நாள் விடுமுறை.

ஜூன் 9, திங்கள்

புதுக் கூலரை நானே மாட்டினேன். கண்ணாடி மாதிரி அடிப்பாகம். அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறைகூட ஒட்டியிருக்கிறது. நல்ல கம்பெனி. பசையை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போலத் தாராளமாகத் தடவினேன். திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்கினேன்.

போட்டோம். ஐந்தே நிமிஷத்தில் அணைந்துவிட்டது. பழசாவது அரை மணி நேரம் தாங்கியது!

மகள் கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லம்மா, அப்பா சொன்ன வேலை ஒண்ணும் மோசமில்ல" என்றாள். அந்த "பரவாயில்ல"தான் தாங்க முடியவில்லை.

கடைக்காரன் ஓட்டைச் சாமானைத் தலையில் கட்டியிருக்கிறான். நாளைக்கு இருக்கிறது அவனுக்கு.

ஜூன் 10, செவ்வாய்

எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன். சந்தோஷத்தை மட்டும் எழுதி வைத்தால் அது நாட்குறிப்பு இல்லை, விளம்பரம்.

கூலரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடையில் நாலைந்து பேர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே ஆரம்பித்தேன். "ஏன் தம்பி, வீட்ல இருக்கிற பொம்பளைக்கு என்ன தெரியும்னு கெட்டுப்போனதக் குடுத்துட்டீங்களா?"

கடைக்காரத் தம்பி வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் முழுக்கப் பசை. துணியால் துடைத்தார். நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார். பிறகு மிக மரியாதையாக, "அம்மா, இதுமேல இருந்த உறைய எடுக்கலீங்களா?" என்றார்.

"எதுக்கு எடுக்கணும்? புதுசாச்சே, அழுக்காகக் கூடாதுன்னு நான்தான் விட்டு வெச்சேன்" என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்!

பின்னால் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார்.

எங்கள் வீட்டில் ரிமோட்டுக்கு உறை உண்டு. சோபாவுக்கு உறை. அவர் அரிதாகப் போடுகிற தோல் செருப்புக்கு உறை. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வாங்கின அன்று இருந்த பிளாஸ்டிக் இன்றும் இருக்கிறது. சாமானைப் பாதுகாப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். யாரும் மிஞ்சவில்லைதான்.

தம்பி கடைசியில் அடக்க முடியாமல், "மழைக்கோட்டுப் போட்டுக்கிட்டுக் குளிச்சா மேல தண்ணி படுமாம்மா?" என்றார்.

நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? ஊசியால் கம்பி நிமிர்த்தினவள், ஒரு பிளாஸ்டிக் தாளில் விழுந்தேன். யானை நுழைந்த வாசலில் வால் மாட்டிக்கொண்டது. "நான் பேசினது தப்பு தம்பி" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். சத்தமாகத் திட்டினால் சத்தமாகத்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும்.

ஜூன் 11, புதன்

மகளிடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உறையா! அம்மா... உறையா!" எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சத்தம் கேட்டு.

இரண்டு பேருமாகத் திரும்ப மாட்டினோம். பசை பட்டாணி அளவுதான். மூடியைப் போடும் முன் எனக்கு ஒரு சந்தேகம். ஒரு மெல்லிய காகிதத் துண்டை முன்பக்க விசிறிக்கு நேராகப் பிடித்தேன். காகிதம் ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து போனது! துடைத்து மாட்டிய அன்று சமையலறைப் புகைவிசிறி போல வெளியே பார்த்து மாட்டியிருக்கிறேன். முன்னாலும் வெளியே, பின்னாலும் வெளியே. காற்று உள்ளே வர வழி எங்கே? திருப்பி மாட்டினேன். இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை, எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். தப்பும் என்னுடையது, கண்டுபிடிப்பும் என்னுடையது.

மத்தியானம் படம் கோக்கத் தொடங்கியது. அரை மணி தாண்டியது. ஒரு மணி தாண்டியது. நான் பக்கத்திலேயே காய் நறுக்கினேன்.

ஜூன் 12, வியாழன்

ஓடுகிறது.

அண்ணி வந்திருந்தார். "இன்னும் வெடிக்கலியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு, "அக்கா, நீ எதுவும் சொல்லாத. அதுல ஊசியால என்ன வேலை பண்ணியிருக்கான்னு உனக்குத் தெரியாது" என்றார்.

அவர்! "எதையும் தொடாதே" என்று இத்தனை வருஷம் சொன்ன அதே மனுஷன்!

ஜூன் 13, வெள்ளி

முடிந்தது. குடை நடக்கிறது. மழையில் நனைந்து, கம்பி வளைந்து, கடைசியில் ஒரு கதவு முன்னால் போய் நிற்கிறது. மூன்று பேரும் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கெடுவுக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டாள்.

ஜூலை 4, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது! அடுத்த மாதம் சேர வேண்டும். வேறு ஊர்.

நேர்காணலில், "இவ்வளவு சின்ன கம்ப்யூட்டர்ல எப்படி முடிச்சீங்க?" என்று கேட்டார்களாம். இவள் சிப், ஊசி, உறை, மழைக்கோட்டு என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். கம்பெனியே உருண்டு சிரித்ததாம். முகம் தெரியாத ஊரில் என் மானம் போய்விட்டது.

"சிரிச்சு முடிச்சதும் ஒருத்தர் என்ன கேட்டார் தெரியுமா?" என்றாள். "அம்மா இப்ப என்ன பண்றாங்கன்னு."

"என்ன சொன்ன?"

"பக்கத்து வீட்டு கம்ப்யூட்டரத் தொறந்துட்டு இருக்காங்கன்னு."

உண்மைதான். திறந்துகொண்டுதான் இருந்தேன்.

பிரார்த்தனையில் நன்றி சொன்னேன். வேறு ஊர் என்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத்தானே கொடுத்தான். கொடுத்ததில் குறை சொல்லக்கூடாது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கம்ப்யூட்டரையும் எடுத்துப் போயிருக்கிறாள். பயணத்தில் குலுங்கினால் கூலரின் கனத்தில், சிப் உட்கார்ந்திருக்கிற பலகை விரிசல் விடும் என்று நான்தான் சூடு காட்டி, மெல்லத் திருகி, தனியாகக் கழற்றிக் கொடுத்தேன். அங்கே போய் அவளே மாட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து மூன்று தடவை மாட்டிக் காட்டச் சொன்னேன்.

இன்று மத்தியானம் ஃபோன். குரலிலேயே தெரிந்தது.

"அம்மா, எல்லாம் நீ சொன்ன மாதிரியே செஞ்சேன். ஆனா போட்ட உடனே சூடாகுது. கூலர் போயிடுச்சு போல. இங்க ஒரு கடை இருக்கு, போய்க் கேக்கட்டுமா? வழியில அடிபட்ட மாதிரி இருக்குன்னு —"

"கடைக்குப் போகாத. முதல்ல விசிறி சுத்துதா பாரு."

"...சுத்தல."

"அதோட வயரப் பலகையில குத்தினியா?"

ஏதோ நகரும் சத்தம். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில்:

"இல்லம்மா."

நான் சிரிக்கவில்லை. "பரவாயில்லம்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான். குத்திட்டுப் போடு" என்று மட்டும் சொன்னேன். விசிறி சுற்றத் தொடங்கும்வரை காத்திருந்தேன். நன்றாகச் சுற்றுகிறது என்று அவள் சொன்னதும் ஃபோனை வைத்தேன்.

வைத்த பிறகு சிரித்தேன். அவர் அடுத்த அறையிலிருந்து என்னவென்று கேட்க வருமளவுக்குச் சிரித்தேன். என் பொண்ணுதான். சந்தேகமே வேண்டாம்.