மிஞ்சிய பாதிகள்

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

அம்மா தன் மூளையை உன் ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. இதற்குள் அதை மெல்லிசாகச் சீவிப் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இரண்டு வருஷமாய் முதுகு வலி என்று கத்தினாளே, அது நிஜமா? “ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லக்கா, பாதி நாடகம். மாத்திரையைப் பாதியாக்கிக் குடு” என்றாய். படித்தவள் சொல்கிறாள் என்று உடைத்தேன். தாங்கவே முடியாவிட்டால் கொடுக்கலாம் என்று மற்ற பாதிகளை ஒரு டப்பாவில் சேர்த்தேன். அவள் கையை நீட்டியபோது டப்பாவை அலமாரி மேலே தூக்கி வைத்தேன்.

பார்த்துச் சொல்.

அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சொந்தக்காரர்களின் மூளையை நாங்கள் தொடக்கூடாது என்பது இங்கே விதி. அம்மாவைச் சீவியது வேறொருவர்.

கஞ்சாவில் இருப்பது போன்ற, வலி தணிக்கும் பொருளை நம் மூளையே செய்துகொள்கிறது. அதை உடைத்துப்போடும் நொதிகள், அதாவது என்சைம்கள், எங்கே இருக்கின்றன என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. சாயம் ஏற்றினால் அந்த இடம் பழுப்பாகும். ஒரு நொதி தகவலை வாங்கும் செல்லுக்குள் இருக்கும், இன்னொன்று அனுப்பும் செல்லின் நுனியில். சிறுமூளையின் பெரிய செல்களிலும், ஞாபகத்துக்கான பகுதியிலும் நன்றாகத் தெரியும். எல்லோருக்கும் இப்படித்தான். இதில் வலியைப் படிக்க முடியாது. நீ அம்மாவை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாய்.

சின்னவள்

ஜூலை 2

சின்னவளே,

பாடம் நன்றாக எடுக்கிறாய். மூளைக்குள் எது எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறவள், அவள் பக்கத்தில்கூட வராமல் நாடகம் என்று எப்படிச் சொன்னாய்? கடைசி வாரம் அவள் மாத்திரை கேட்கவே இல்லை. “உனக்கு எதுக்குடி சிரமம்” என்றாள். துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதில் பல் பட்ட ஓட்டைகள் இருக்கின்றன. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

விதியாவது ஒன்றாவது. போய்ப் பார்.

அக்கா

ஜூலை 20

அக்கா,

பார்த்தேன். அம்மாவின் சீவலோடு இன்னொருவருடையதையும் எடுத்தேன். வலி என்று ஒருநாளும் படுக்காமல், விபத்தில் சட்டென்று போனவர். இரண்டிலும் அதே இடங்கள், அதே பழுப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் திரும்பக் குனிந்தபோது, கண்ணாடித் தகட்டில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்க்காமல் எது அம்மா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வலி நிஜமா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது அக்கா. நீ தினமும் போனில் அழுதாய். எனக்குத் தாங்கவில்லை. உன் வாயை அடைக்க எதையோ சொன்னேன். அம்மா நடிக்கவில்லை. பாவம் என்னுடையது, உன்னுடையது இல்லை.

அந்தத் துண்டை எனக்கு அனுப்புவாயா?

சின்னவள்

ஆகஸ்ட் 11

துண்டைத் தர மாட்டேன். அது எனக்கு வேண்டும்.

உனக்கு டப்பாவை அனுப்பியிருக்கிறேன். பாதிகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

இனி எழுதாதே.