மண் விடும் மூச்சு

மார்ச் 3
இன்று முதல் நான் விஞ்ஞானி. மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்கா மகள் ‘உதவியாள்’ என்றுதான் பதிந்திருக்கிறாள். அவளுக்கு அடக்கம் ஜாஸ்தி. பழைய பூச்சிமருந்துக் கிடங்கை இடித்த மனையில், ஒரே கம்பத்தில் இரண்டு பஞ்சு வட்டுகள் மாட்டினோம். ஒன்று தரையோடு, ஒன்று தலை உயரத்தில். காற்றில் உள்ள மருந்தைப் பஞ்சு பிடித்துக்கொள்ளுமாம்.

“கிடங்கு இருந்தப்போ காத்துல இருந்து மண்ணுல எறங்கின மருந்து, வெயில் ஏறினா திரும்ப மேல வருது மாமா. கம்ப்யூட்டர்ல நான் போட்ட கணக்கு, என் மாடல், அப்படித்தான் சொல்லுது.”

எனக்குத் தெரிந்ததுதான் என்று தலையாட்டினேன்.

மார்ச் 9
அங்கே விளையாட்டுத் திடல் வருகிறது. ஊஞ்சல்கூட வந்து இறங்கிவிட்டது. நான்தான் திறந்துவைப்பேன் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மேயர் என்னைக் கேட்டுத்தான் நாள் குறிப்பார் என்றும். கொஞ்சம் கூடிப்போயிற்று, பரவாயில்லை.

மார்ச் 10
கீழ்வட்டு புழுதியில் கிடக்கிறது. அவ்வளவு பெரிய கருவிக்கு இதுவா மரியாதை? தூக்கி மேல்வட்டுக்குப் பக்கத்தில் மாட்டினேன். என் பொறுப்பு யாருக்கு வரும்!

ஏப்ரல் 6
முடிவு வந்துவிட்டது. நான் கழற்றிக் கொண்டுவந்த இரண்டு வட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மண் மருந்தை வெளியே விட்டால் கீழேதான் அதிகம் இருக்கவேண்டுமாம். அவள் மேலதிகாரி சொன்னாராம்: “உங்க மாடல் கம்ப்யூட்டர்ல மட்டும்தாம்மா மூச்சு விடுது. திடலைத் திறக்க நாளைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். “நீ ஏதாவது நோண்டினியாடா?”

“நானா? நான் தொட்டா துலங்கும்!”

சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். கீழ்வட்டு - மேலே - ஐயோ! பிள்ளைங்க அந்த மண்ணுலதானே உருளும்?

ஏப்ரல் 7
மேலதிகாரி அறைக்குள் சிங்கம் மாதிரி நுழைந்தேன். அனுமதி கேட்டுவிட்டுத்தான்.

“ஐயா, கீழ இருந்த வட்டை மேல தூக்கி மாட்டினது நான்.”

“யாருய்யா சொன்னது?”

“யாரும் சொல்லலை. எனக்கே தோணுச்சு.”

“மாமா, உங்களை...” என்றாள் அக்கா மகள். கையெழுத்து நின்றது. மறுபடி அளக்கவேண்டும். நிபுணர் ஆலோசனையின் பேரில் என்று தெருவில் சொல்லிக்கொள்ளலாம்.

மே 8
மறுபடி மாட்டி ஒரு மாதம் ஆயிற்று. இந்த முறை தரையோடு குப்புறப் படுத்து நானே கீழ்வட்டைக் கழற்றிக் கொடுத்தேன்.

மே 19
கீழேதான் அதிகம். ரொம்ப அதிகம். அவள் குதிப்பாள் என்று நினைத்தேன். “மாடல் சரியா இருக்கு மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 4
திடலைச் சுற்றி வேலி. பிள்ளைகள் என்னோடு பேசுவதில்லை. இன்று அவர்கள் பந்து உள்ளே விழுந்தது. யாரும் தாண்டாதீங்க என்று கத்திவிட்டு, நானே போய் எடுத்து, குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

“பந்தை யாராவது குளிப்பாட்டுவாங்களா மாமா?”

உலகத்திலேயே நான்தான் முதல் ஆள் என்றேன். சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பையும் கழுவினேன்.